கருங்குழி ஷெட்டில் ஒரு சிவப்புச் சீட்டு

உங்கள் மேஜை விசிறியின் வயரை மாற்றச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். பிளக்குக்குப் பக்கத்தில் மேல்தோல் வெடித்துச் செம்பு தெரிகிறது. யாரோ புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரியை அதன்மேல் ஒட்டி வைத்திருக்கிறார். ஒட்டிய மகானுபாவர் யாரென்று நான் கேட்கவில்லை. அரசாங்க அலுவலகங்களில் இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் உள்ளே வருகிறேன்.

வாசலில் உங்கள் ஏட்டு என்னை நிறுத்தி, நிலத் தகராறா என்று கேட்டார். இல்லை, கருங்குழி ஷெட்டில் மின்சாரம் தாக்கி இறந்துபோன லோகநாயகி விஷயம் என்றேன். "அது முடிஞ்சுபோன கேசு சார், இப்ப இன்னாத்துக்கு அதைக் கிளறிக்கினு?" என்றார். முடிந்துபோகவில்லை. தப்பாக எழுதி மூடியிருக்கிறீர்கள். அவள் சாவுக்குக் காரணம் என்னுடைய கவனக்குறைவு என்று அந்தக் காகிதத்தில் இருக்கிறதாமே. அதை நீக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தி நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் வெங்கடராகவன். செங்கல்பட்டில் குடியிருக்கிறேன். அப்பா மதுராந்தகம் கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். அவர் வடித்த சாதம் ஒருநாளும் குழைந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அடுப்பு வசப்படவில்லை, மின்சாரம் வசப்பட்டது. கருங்குழியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு ஷெட் இருக்கிறதே, அதில் பெரிய முதலாளி கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து டெஸ்டிங் பிரிவு என் பொறுப்பு. இப்போது அவர் பிள்ளை கோபாலகிருஷ்ணன் நடத்துகிறார். நடத்துகிறார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

நாங்கள் செய்வது லேப் பவர் சப்ளை. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சுவரிலிருந்து வருகிற இருநூற்று முப்பது வோல்ட்டை வாங்கிக்கொண்டு, வேண்டிய அளவுக்குக் குறைத்து, ஆடாமல் அசையாமல் வெளியே தருகிற பெட்டி. எங்கள் பெட்டிக்கு மூன்று வெளிவாசல். இரண்டில் பூஜ்யத்திலிருந்து முப்பது வோல்ட் வரை திருகி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதில் எப்போதும் ஐந்து வோல்ட். கல்லூரிகளிலும் ஆராய்ச்சிக்கூடங்களிலும் நாள் முழுக்க அதன்மேல் யாராவது கை வைத்துக்கொண்டே இருப்பார்கள். முன்பக்க வாசலை ஒரு குழந்தை தொட்டால்கூட ஒன்றும் ஆகாது. பின்பக்கம் வந்து சேர்கிற வயரில் யமன் இருக்கிறான். அவன் இந்தப் பக்கம் வராமலிருக்கிறானா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

இந்தப் பெட்டியை ஒழுங்காக இயக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் ரொம்பக் கொஞ்சம். முதலில் எவ்வளவு கரண்ட் வரை போகலாம் என்று எல்லை கட்ட வேண்டும். பிறகு வோல்ட்டை வைக்க வேண்டும். அதன்பிறகுதான் வயரை மாட்ட வேண்டும். சொன்னால் தலையாட்டுவார்கள். முதுகைத் திருப்பினால் வோல்ட்டை ஒரே திருகாகத் திருகிவிட்டு, புகை வந்ததும் பெட்டியைக் குறை சொல்வார்கள். ஒரு பேராசிரியர், பெயருக்குப் பின்னால் ரயில் மாதிரி பட்டங்கள், தன் சர்க்யூட்டை இப்படித்தான் கருக்கிக்கொண்டு எங்களுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். பெட்டி நன்றாக இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் போட்டேன். மற்ற விஷயங்களைப் பண்புக்காக எழுதவில்லை.

ஒவ்வொரு பெட்டியும் என் மேஜைக்கு வரும். முழு பாரம் கொடுத்து, அதாவது தரக்கூடிய முழுக் கரண்ட்டையும் இழுத்து, ஓட விடுவேன். பாரத்தை ஏற்றி இறக்கும்போது வோல்ட் நகர்கிறதா, வெளியே வருகிற மின்சாரம் சுத்தமாக இருக்கிறதா, இரண்டு வாசலையும் சேர்த்துப் போட்டால் ஒன்று சொன்னதை மற்றது கேட்கிறதா, எல்லாம் பார்ப்பேன். கடைசியில் இன்சுலேஷன் டெஸ்ட். உள்ளே வருகிற வயருக்கும் பெட்டியின் இரும்பு உடம்புக்கும் நடுவே ஆயிரத்து ஐந்நூறு வோல்ட் கொடுத்து மீட்டர் ஊசியைப் பார்ப்பது. ஊசி படுத்துக்கிடந்தால் நல்ல பெட்டி. எழுந்தால் எங்கோ கசிகிறது. கசிகிற பெட்டியின் கைப்பிடியில் நான் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிவிடுவேன். சிவப்புச் சீட்டு இருக்கிற பெட்டியை முதலாளியே ஆனாலும் தொடக் கூடாது. அதை அவிழ்க்கிற உரிமை எனக்கு மட்டும்தான்.

இன்னொரு விதியும் உண்டு. எந்தப் பெட்டியில் கை வைப்பதானாலும் முதலில் என்னைப் பார்த்து, "தொடலாமா சார்?" என்று கேட்க வேண்டும். நான் "ம்" என்றால் தொடலாம். புதிதாகச் சேர்கிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒருமுறை கேட்காமல் தொட்ட ஒருவன் சுவரோரம் போய் விழுந்தான். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. இத்தனை வருஷத்தில் என் "ம்"மை நம்பித் தொட்டவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

இந்த நிலையில்தான் ஜெபகுமார் வந்து சேர்ந்தான். டிசைன் இன்ஜினியர். சிரித்த முகம். எல்லோருக்கும் அவனைப் பிடித்துவிட்டது. பிடித்துப்போவதை ஒரு தகுதியாக நினைக்கிற காலம் இது. வந்த சூட்டோடு கம்ப்யூட்டரோடு இணைத்து ஒரு டெஸ்ட் பாக்ஸ் செய்தான். பெட்டியை அதில் மாட்டினால், நீங்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் அளந்து திரையில் காட்டிவிடும். அவன் உடனே ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிடுவான். எல்லாம் என்றால், இன்சுலேஷன் நீங்கலாக எல்லாம். அதை, பெட்டிக்குள் வைக்கிற டிரான்ஸ்ஃபார்மரைச் செய்து தருகிறவர்களே பார்த்துத்தானே அனுப்புகிறார்கள், நாம் வேறு ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டான். டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்து சேர்கிற வயரை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "நம்ம வயரிங் நல்லாத்தானே இருக்கு சார்?" என்றான். இந்த மாதிரி பதிலுக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளியைத்தான் சொல்ல வேண்டும்.

கோபாலகிருஷ்ணன் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஒருநாள் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, "ராகவன் சார், உலகம் எங்கியோ போயிகினு இருக்கு. நாம இன்னும் ஊசியப் பாத்துக்கினு உக்காந்திருக்கோம்" என்றார். கல்பாக்கத்திலிருந்து பெரிய ஆர்டர் வரும்போலிருக்கிறது. அது வந்ததும் என் மேஜையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெஸ்ட் பாக்ஸை வைக்கப்போகிறார்களாம். என்னை ஆலோசகராக ஆக்குகிறாராம். ஆலோசகர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை டைரி வாங்க வருகிறவர் என்று எனக்குத் தெரியாதா? அவர் பேசும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்பா ஒருநாளும் என் கையைப் பிடித்ததில்லை. என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "தொடலாமா?" என்று கேட்பார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் ஆத்திரத்தில் எதையும் செய்கிறவன் இல்லை நான். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெபகுமாருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெட்டியிலிருந்து வருகிற மின்சாரம் எவ்வளவு சுத்தம் என்று காட்ட, ஒரு திரையில் கோடு வரவழைத்துக் காட்டுவான். பெட்டியின் எர்த் இணைப்பு இருந்தால் கோட்டில் லேசாகப் பிசிறு தெரியும். அதனால் மூன்று பின் பிளக்கை ஒரு இரண்டு பின் அடாப்டரில் செருகி, எர்த்தை ஒழித்துவிட்டு மாட்டுவான். கோடு கண்ணாடி மாதிரி வந்துவிடும். வந்தவர்கள் ஆஹா என்பார்கள். அந்த மூன்றாவது பின் எதற்கு இருக்கிறது? உள்ளே ஏதாவது கசிந்து இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறினால், அது மூன்றாவது பின் வழியாக மண்ணுக்குப் போய்விடும், ஃபியூஸ் எரிந்துவிடும், அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டால் பெட்டியைத் தொடுகிற மனிதன்தான் மூன்றாவது பின். நான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். "ரெண்டு நிமிஷம்தானே சார், கோடு சுத்தமா தெரியணும்ல" என்று சிரித்தான். இந்தத் தவறைச் செய்ய ஒருவன் ஓரளவு படித்திருக்க வேண்டும். படிக்காதவனுக்கு இது தோன்றாது.

இப்போது லோகநாயகி. படாளத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வயரிங் வரிசையில் வேலை. கை ஓயாது, வாயும் ஓயாது. வேலை சுமார். அவளை எல்லோருக்கும் தெரிந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆர்டரிலும் முதல் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பெரிய முதலாளி தொடங்கி வைத்தது. லோகநாயகிக்கு ராசியான கை என்று யாரோ சொல்லப்போக, அது அவள் வேலையாகிவிட்டது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் முறைப்படி நடக்க வேண்டும் என்பதற்காக, பெட்டியை அணைத்து, பிளக்கை உருவி என் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். அவள் கேட்பாள், நான் "ம்" என்பேன், இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பொட்டு வைப்பாள். பிறகு என்னைப் பார்த்து, "சாருக்கும் ஒண்ணு வெக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வாள். மற்றவர்களும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

கல்பாக்கத்துக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"சார், இந்தப் பொட்டில வயரு உள்ள பூர்ற ஓட்டைக்கு ரப்பர் புஷ்ஷு இல்ல. ஸ்டோர்ல தீந்துபோச்சாம். முதலாளி இன்னிக்கே முடிக்கணும்னு நிக்கிறாரு. டேப்பு சுத்தி வுட்டுகீறேன். தகடு கூரா கீது சார். நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

"என் வேலையே அதுதான்" என்றேன்.

"அதான் உங்ககிட்ட சொல்லிட்டேன். இனிமே எனக்கின்னா கவல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதுவரைக்கும் நடந்தவை எல்லாம் ஒழுங்கு. குறையைச் சம்பந்தப்பட்ட ஆளிடம் சொன்னாள். சம்பந்தப்பட்ட ஆள் அதைச் சோதித்தான். ஜெபகுமாரின் டெஸ்ட் பாக்ஸ் அந்தப் பெட்டிக்கு ஏற்கெனவே பச்சை ஸ்டிக்கர் வாங்கிக் கொடுத்திருந்தது. நான் ஆயிரத்து ஐந்நூறு வோல்ட் கொடுத்தேன். ஊசி எழுந்தது. மூடியைக் கழற்றி விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். தகட்டின் விளிம்பு டேப்பைக் கிழித்து வயரின் தோலையும் கிழித்திருந்தது. செம்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. பெட்டி குளிர்ந்திருக்கும்போது சமர்த்தாக இருக்கும். முழு பாரத்தில் ஓடி, டிரான்ஸ்ஃபார்மர் சூடாகி அதிர ஆரம்பித்தால் வயர் சாய்ந்து தகட்டைத் தொட்டுவிடும். மூடியைப் பழையபடி மாட்டினேன். கைப்பிடியில் சிவப்புச் சீட்டைக் கட்டினேன். இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் கண்டுபிடித்தேன். கட்டினேன்.

அப்போது ஜெபகுமார் வாசலில் தலையை நீட்டினான். நாளைக்குக் காட்டுவதற்கு ஒரு பெட்டி வேண்டும் என்றான். "எல்லாப் பெட்டிக்கும் உங்க டெஸ்ட் முடியுற வரைக்கும் காத்திருக்க முடியாது சார். என் பாக்ஸ்ல எல்லாமே பாஸ்தான். டிராலி எடுத்துட்டு வரேன், ஏதாவது ஒண்ணக் காட்டுங்க."

ஏதாவது ஒன்று. என் மேஜையில் இருப்பதைப் பார்த்து ஏதாவது ஒன்று என்றான். கத்தரிக்காய் வாங்க வந்தவன் மாதிரி.

அவன் டிராலி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் நான் சிவப்புச் சீட்டை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "எதை எடுத்துக்கட்டும் சார்?" என்றான். அந்தப் பெட்டியைக் காட்டினேன். "தேங்க்ஸ் சார்" என்றான். நன்றி சொல்கிற பழக்கம் அவனுக்கு நிறையவே உண்டு.

என் எண்ணம் எளிமையானது. அவன் கூட்டத்துக்கு முன்னால் பெட்டியை முழு பாரத்தில் ஓட்டுவான். கோட்டைச் சுத்தமாகக் காட்ட எர்த்தை ஒழிப்பான். பிறகு வழக்கம்போல இரண்டு கைப்பிடியையும் பிடித்துப் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தைக் காட்டுவான். அந்த நேரத்தில் அவனுக்கும் அவன் பச்சை ஸ்டிக்கருக்கும் என்ன மதிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் அவனை ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் செய்ய வேண்டியதைச் செய்து, செய்யக் கூடாததைச் செய்யாமல் இருந்திருந்தால் ஃபியூஸ் மட்டும்தான் எரிந்திருக்கும்.

மறுநாள் நல்ல மழை. ஷெட்டின் தரை முழுக்க ஈரம். காட்டுகிற அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றுவது எங்கள் வழக்கம். டெஸ்டிங் ஆள் என்பதால் எனக்கு ரப்பர் செருப்பு அனுமதி உண்டு. நான் காலையிலேயே போய், மெயின் ஸ்விட்ச் இருக்கிற சுவரோரமாக நின்றுகொண்டேன். கல்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவரும், ஸ்வாதி என்று ஒரு பெண் அதிகாரியும் வந்திருந்தார்கள். ஜெபகுமார் விளக்க ஆரம்பித்தான். பெட்டி ஓடியது. திரையில் கோடு வந்தது, பிசிறு தெரிந்தது, அவன் பையிலிருந்து அந்த அடாப்டரை எடுத்தான். கோடு சுத்தமானது. பெரியவர் தலையாட்டினார். அந்தப் பெண்மணிக்கு மட்டும் கொஞ்சம் மூளை இருந்தது.

"இன்சுலேஷன் டெஸ்ட் பண்ணீங்களா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் எங்க ராகவன் சார் இருக்காரே மேடம்" என்று ஜெபகுமார் என்னைக் கை காட்டினான். "அவர் கை பட்டு வந்த பெட்டி. அப்பீலே கிடையாது."

என்ன துணிச்சல் பாருங்கள். என் மேஜையைத் தூக்கி வெளியே போடப்போகிறவன், ஆர்டர் வாங்குவதற்கு என் பெயரைக் கறிவேப்பிலையாகக் கிள்ளிப் போடுகிறான். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் தலையாட்டி வைத்தேன். மறுக்க வேண்டிய அவசியம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பெட்டியைச் சோதித்தது நான்தானே.

பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் முனகல் மாறுவது எனக்குக் கேட்டது. அந்த அறையில் வேறு யாருக்கும் அந்தக் காது கிடையாது. இதோ திருப்பப்போகிறான் என்று காத்திருந்தேன். அப்போது கோபாலகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் வரப்போவுது. அதுக்குள்ள பொட்டு வெச்சுடலாம். நல்ல சகுனமா இருக்கும்" என்று சொல்லி, வாசலைப் பார்த்து லோகநாயகியைக் கூப்பிட்டார். பெட்டியை அணைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. விருந்தாளிகள் முன்னால் விளக்கெல்லாம் எரிந்தால் அழகாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

அவள் தட்டோடு வந்தாள். வெறுங்கால். கையில் சந்தனம் குழைத்த ஈரம். பெட்டிக்குப் பக்கத்தில் போனவள் நின்றாள். அறையைச் சுற்றிப் பார்த்து, சுவரோரம் நின்ற என்னைக் கண்டுபிடித்தாள்.

"தொடலாமா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். "இன்னிக்கும் அவரைக் கேக்கணுமா? வெய்யிம்மா" என்றார் கோபாலகிருஷ்ணன். அவள் வைக்கவில்லை. முதலாளி சொல்லியும் வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த இடம் உங்கள் காகிதத்தில் இல்லை. அந்த அறையில் இருந்த யாரும் உங்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு வாய் இருந்தது. வேண்டாம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி ஏன் என்று வரும். கசிகிற பெட்டி இங்கே எப்படி வந்தது, ராகவன் சார் என்ன பார்த்தார் என்று வரும். சற்று முன்னால் தலையாட்டியவன் நான். வந்தவர்கள் முன்னால் என் டெஸ்ட் தப்பு என்று ஆகிவிடும். ஜெபகுமார் சிரித்துக்கொண்டே தப்பித்துவிடுவான். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்கப்போவதில்லை. அன்று காலையிலிருந்து என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் ஒருத்திதான் கேட்டாள். எல்லோர் முன்னாலும் கேட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ம்" என்றேன்.

அவள் இடது கையால் கைப்பிடியைப் பிடித்தாள். அலறவில்லை. தட்டு விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. பிடித்த கையை அவளால் விட முடியவில்லை, அது விடாது. மெயினை அணைத்தது நான்தான். மின்னல் வேகத்தில் அணைத்தேன் என்று சாட்சி சொன்னவர்கள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள். முதலில் நான் ஜெபகுமாரைப் பார்த்தேன். அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துவிட்டுத்தான் அணைத்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஜெபகுமார் அடாப்டரைக் கையில் வைத்துக்கொண்டு, என் தப்பு, என் தப்பு என்று அழுதான். அவனுக்கு அழவும் நன்றாக வரும். நாலு பேர் அவனைத் தேற்றினார்கள். கோபாலகிருஷ்ணன் உங்களிடம் என்னைப் பற்றிச் சொன்னதை எனக்கும் சொன்னார், ரொம்பப் பெருந்தன்மையோடு. வயதானவர், பார்வை மங்கிவிட்டது, ஊசி எழுந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டார், வேண்டுமென்று செய்தாரா என்ன. எனக்குச் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். ஷெட்டில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாவம் சார் என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. என்னைப் பாவம் என்று சொல்ல இவர்கள் யார்?

அதையும் பொறுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். போன வாரம் அவள் புருஷன் துரை செங்கல்பட்டுக்கு வந்தார். கரும்பு லாரி ஓட்டுகிறவர். கூடவே அவர்கள் பெண், அம்மு, பள்ளிக்கூடச் சீருடையோடு. உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார்.

"சார், நீங்க சாப்பிடாம கொள்ளாம கெடக்கிறீங்கன்னு கம்பெனில சொன்னாங்க. மனசுல வெச்சிக்காதீங்க. வயசாயிட்டா கண்ணு அப்படித்தான், நீங்க இன்னா பண்ணுவீங்க? லோகு எப்பவும் சொல்லிகினு இருக்கும், எங்க சாரு பாத்துட்டாருன்னா பயமே இல்லன்னு. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

பெண்ணிடம், "சாருக்குக் கும்பிடு போடு" என்றார். அது கும்பிட்டது.

என் ஆயுசில் யாரும் என்னை இவ்வளவு கேவலப்படுத்தியதில்லை, இன்ஸ்பெக்டர். கரும்பு லாரி ஓட்டுகிற ஒருவர், என் வாசலில் நின்றுகொண்டு, என் கண்ணைக் குறை சொல்லி, அதற்காக என்னை மன்னித்துவிட்டுப் போகிறார். கதவைச் சாத்திக்கொண்டேன். இதை இப்படியே விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவுசெய்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். கேட்க நினைப்பதைக் கேளுங்கள். அவள் செத்துப்போவாள் என்று தெரியுமா என்றுதானே? தெரியும். ஈரத் தரை, வெறுங்கால், ஈரக் கை, எர்த் இல்லாத பெட்டி. இந்தக் கணக்கைத்தான் இத்தனை வருஷமாக ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜெபகுமார் தொட்டிருந்தால் அவனும் செத்திருப்பான். ஒரு உதறு உதறிவிட்டு விட்டுவிடும், அவமானத்தோடு போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்மைதான். அதை நான் நம்பவில்லை. மின்சாரம் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே எழுதுங்கள். கவனக்குறைவு என்ற சொல்லை முழுக்க அடித்துவிடுங்கள். பெட்டியைச் சோதித்தேன். ஊசி எழுந்ததைப் பார்த்தேன். சிவப்புச் சீட்டைக் கட்டினேன். தெரிந்தே அவிழ்த்தேன். அவள் கேட்டபோது தெரிந்தே தொடச் சொன்னேன். நான்தான் கொன்றேன். சீட்டு இதோ இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். என் கண்ணை எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டிப் பாருங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வேண்டுகோள். யாராவது ஒருவரைப் படாளத்துக்கு அனுப்பி இதைத் துரைக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் மனைவி என் சோதனையை நம்பியதில் ஒரு தவறும் இல்லை என்று தெரிந்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும்.